மூன்றின் மேல் எட்டு

மழை வருவதற்கு முந்தின நாளே எனக்கு இடது முழங்கால் வலிக்கத் தொடங்கிவிடும். இந்த நாற்காலியில் மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன், காலை நீட்டிக்கொள்கிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெய்ஷோ மலைப்பக்கத்திலிருந்து பதினாறு வயதில், பொம்மைத் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த செங்ஹாய்க்கு வந்தேன். ஆறு வருடம் பிளாஸ்டிக் வார்க்கும் இரும்பு அச்சுகளை வண்டியிலிருந்து முட்டுக்கொடுத்து இறக்கினேன். முழங்கால் அப்போது போனது. அதற்குப் பிறகு அச்சுக் கிடங்கில் வைத்தார்கள். எண் போடும் வேலை அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் செய்வது பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள். மேலே குமிழ், அடியில் குழி. மொத்தம் ஆயிரத்து நானூறு வகை. வாங்குகிறவர்களின் பட்டியல் புத்தகத்தில் 2416-07 என்று இருக்கும். அகலத்தில் இரண்டு குமிழ், நீளத்தில் நான்கு, பதினாறு என்பது வகை, ஏழு என்றால் சிவப்பு. இதை யாரும் பத்து நிமிடத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலில் வராத ஓர் இலக்கம் உண்டு. அது அச்சின் பக்கவாட்டில், எண்ணின் கடைசியில், எஃகு முத்திரையால் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று என்றால் முதல் அச்சு. இரண்டு என்றால் அதன் நகல். மற்றவை எதைக் குறிக்கின்றன என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை. அச்சை நகர்த்த வேண்டுமானால் என்னிடம் வந்து கேட்பார்கள். பதினெட்டு வருடம் கேட்டார்கள்.

பிறகு முதலாளி சுவா, ஹூனானிலிருந்து ஓயாங் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார். இருபத்தாறு வயது. எல்லா எண்களையும் கணினியில் ஏற்றிப் புதுப் பட்டியல் போடுவது அவள் வேலை.

"லியாவ், நாளைக்கு நீ லாரியில அடிபட்டுச் செத்துப்போனா என் கம்பெனி எண்ணெல்லாம் உன்கூடவே எரிஞ்சுபோயிரும்யா," என்றார் முதலாளி. "அதுக்குத்தான் இந்தப் பொண்ணு. பட்டியல் பிரிண்டுக்குப் போனதும் நீ பேக்கிங் பக்கம் போயிரு. உக்காந்து பாக்குற வேலை. உன் காலுக்கும் நல்லது."

என் காலைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கஞ்சியில் மிளகாய் அள்ளிப் போட்டுச் சாப்பிடுவாள், கிடங்கு முழுக்க நெடி அடிக்கும், நான் ஒன்றும் சொன்னதில்லை. என் பழைய நோட்டுப் புத்தகங்கள் பதினொன்றையும் கேட்டாள், கொடுத்தேன். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவாள். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"கடைசி இலக்கம் என்னன்னு சொல்லட்டுமா?" என்று ஒரு நாள் நானே கேட்டேன்.

"வேணாம் மேஸ்திரி. நானே கண்டுபிடிக்கிறேன். நீங்க சொல்லிட்டா அதுல என்ன ருசி இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சொல்ல முன்வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்த் தேநீர்த் தட்டில் மூன்று கிண்ணங்கள்தான் இருக்கும். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் மூன்றுதான், சுற்று முறையில் குடிப்பார்கள். காலையில் முதல் சுற்றில் ஒரு கிண்ணம் முதலாளிக்கு, ஒன்று விற்பனை பார்க்கும் ஹோவுக்கு, ஒன்று எனக்கு. பல வருடப் பழக்கம். அவள் வந்த மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, முதலாளி மூன்றாவது கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். நான் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையால் மேசையைத் துடைத்தேன்.

அவள் குடித்துவிட்டுச் சொன்னாள்: "முதலாளி, மூணுல முடியுற அச்செல்லாம் சங்கிலியில தொங்கவிடக் கூடாதது. கொக்கித் திருகு மாட்டுற துளையில மரை தேஞ்சுபோனது. அடியில ஃபோர்க்லிஃப்ட் குடுத்துத்தான் நகத்தணும். எட்டுல முடியுறது பட்டறையில சரி பண்ணித் திரும்பி வந்தது, அதைத் தாராளமாத் தூக்கலாம். சரிதானே மேஸ்திரி?"

"சரி," என்றேன்.

ஹோ தொடையில் தட்டிச் சிரித்தான். "பதினெட்டு வருசமா சாமி ரகசியம் மாதிரி வெச்சிருந்தாரு. மூணு வாரத்துல பிரிச்சு மேஞ்சுட்டாளே! மேஸ்திரி, பேக்கிங்ல சாஞ்சு உக்கார்ற நாற்காலியாக் கேட்டு வாங்குங்க."

முதலாளியும் சிரித்தார். இரண்டாவது சுற்று வந்தபோது தேநீர் வெளுத்திருந்தது. குடித்தேன்.

நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எண்முறை புரியாதவர்களுக்கு என் கிடங்கில் ஒருபோதும் ஆபத்து வந்ததில்லை. புரியாதவன் வந்து கேட்பான். நான் சொல்வேன், அவன் பிழைத்துக்கொள்வான். புரிந்துவிட்டது என்று நினைப்பவர்தான் கேட்கமாட்டார். அவள் அன்றிலிருந்து கேட்கவில்லை. அச்சின் பக்கவாட்டைக் குனிந்து பார்ப்பாள், இலக்கத்தைப் படிப்பாள், குறித்துக்கொள்வாள், அடுத்ததற்குப் போவாள். நான் அங்கே நிற்கிறேனா இல்லையா என்றுகூடத் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

2416 வகைக்கு மூன்று அச்சுகள் உண்டு. அவற்றில் ஒன்று முந்நூற்று எண்பது கிலோ. அதன் மரை ஐந்து வருடத்துக்கு முன்பே போய்விட்டது. மூன்று என்ற முத்திரையை நான்தான் அடித்தேன். மூன்றின் மேல் எட்டு முத்திரையை வைத்து அடித்தால் இரும்பில் எட்டுதான் தெரியும். இது அந்த வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். புதன்கிழமை காலை, வேலை தொடங்குமுன், எட்டு முத்திரையை எடுத்துச் சரியாகப் பொருத்தி ஒரே அடி அடித்தேன். புதுக் காயம் பளபளக்கும் என்பதால் கொஞ்சம் மசகுக் கறுப்பைத் தடவினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அது உண்மை. புதன், வியாழன் இரண்டு நாளும் கிடங்கைவிட்டு வெளியே சாப்பிடக்கூடப் போகவில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வரிசைக்கு வந்தாள். சங்கிலியால் அச்சைத் தூக்கும் செயின் பிளாக்கை இயக்கும் குய் சாப்பிடப் போயிருந்தான். அச்சு செய்த வருடம் அதன் அடிப்பாகத்தில்தான் இருக்கும், புதுப் பட்டியலுக்கு அந்த வருடமும் வேண்டும். டார்ச் அடித்துப் பக்கவாட்டைப் பார்த்தாள்.

"எட்டு," என்றாள். "மேஸ்திரி, குய் அண்ணன் வர நேரமாகும்போல. நீங்க கொஞ்சம் தூக்கித் தர்றீங்களா? ஒரு இடுப்பு உயரம் போதும். கால் வலின்னா விட்டுடுங்க, நான் காத்திருக்கேன்."

"கால் ஒண்ணும் இல்ல," என்றேன். கொக்கியை மாட்டினேன். மரை தேய்ந்த துளையில் திருகு எப்படிச் சுற்றும் என்று என் விரலுக்குத் தெரியும். இரண்டு சுற்றுப் பிடித்தது. சங்கிலியை இழுத்தேன். அச்சு மேலே வந்தது.

அவள் மண்டி போட்டு, தலையைச் சாய்த்து, அடியில் வெளிச்சம் அடித்தாள். பிறகு இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

"இரண்டாயிரத்து மூணா, எட்டான்னு தெரியல மேஸ்திரி. துரு பிடிச்சிருக்கு."

"நல்லாப் பாரு," என்றேன். "அவசரமில்ல."

அதுதான் நான் கடைசியாகச் சொன்னது. சத்தம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை. தலையை அந்த நொடியில்தான் மறுபக்கம் வெளியே எடுத்திருந்தாள். அச்சு அவள் இடுப்புக்குக் கீழே விழுந்தது. ஃபோர்க்லிஃப்ட்டை நானேதான் ஓட்டிவந்து அச்சைத் தூக்கினேன். அந்த அச்சை எப்படித் தூக்க வேண்டும் என்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வலது கால் இடுப்போடு போயிற்று. இடது கால் இருக்கிறது, உணர்ச்சி இல்லை. உயிர் பிழைத்தது.

இத்தனை நாள் கழித்து ஏன் காவல் நிலையத்துக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, உண்மைதான். அவளே படுக்கையில் இருந்தபடி, விபத்தை விசாரிக்க வந்தவர்களிடம், "இலக்கத்தை நான்தான் தப்பாப் படிச்சிட்டேன், மேஸ்திரி மேல எந்தத் தப்பும் இல்ல," என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'குழப்பமான எண்முறையால் ஏற்பட்ட விபத்து.' போன வாரம் அதைச் சுவரில் ஒட்டினார்கள். முதலாளி பழைய எண்கள் அத்தனையையும் அரைத்து எடுக்கச் சொல்லிவிட்டார். ஷென்ஜெனிலிருந்து யாரோ வந்து கணினி படிக்கிற கோடு கோடான சீட்டு ஒட்டப்போகிறார்கள்.

என் எண்முறையில் குழப்பம் இல்லை. பதினெட்டு வருடத்தில் ஒரு பிழை இல்லை. அவள் படித்ததிலும் பிழை இல்லை. எட்டு என்றுதான் இருந்தது, எட்டு என்றுதான் படித்தாள். மூன்றை எட்டாக்கியது நான். தெரிந்து செய்தேன். தெரிந்து செய்தது பிழை ஆகாது. சந்தேகம் இருந்தால் அந்த அச்சில் வார்த்த கட்டை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். குழிக்குள்ளே எறும்புக் கால் அளவில் மூன்று இருக்கும். மரை போனபோது அச்சின் உட்புறத்திலும் அதே இலக்கத்தைச் சிறிதாகச் செதுக்கியிருந்தேன், அதை நான் தொடவில்லை. அறிக்கையைத் திருத்திவிட்டு எனக்குக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், கூட வேலை செய்கிறவர்கள் ரத்தம் கொடுத்தால்தான் அவளுக்கு ரத்தம் கிடைக்கும் என்றார்கள். வரிசையில் நின்ற ஒன்பது பேரில் ஹோ கழிப்பறைக்கு என்று போனவன் திரும்பவில்லை. நான் சட்டைக் கையை மடித்து முதல் ஆளாகப் படுத்தேன். அதற்கு யாரும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை, அவளும் சொல்லி அனுப்பவில்லை. நான் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனாலும் இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும் அல்லவா? நானூறு மில்லி ரத்தம், ஓயாங் எனக்குத் தர வேண்டியது.