பின் சீட்டுக்கு ஆள் தேவை

பதுளையிலிருந்து அப்புத்தளை போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் மடியில் ஆட்டோவின் முன் சக்கரத்துக்கான புது ஷொக் அப்சோபர் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார், குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்த மனைவி பேசினார். ஒட்டுக்கேட்டதில் எனக்குக் கழுத்து மட்டும்தான் சுளுக்கியது.

"புது ஷொக்க வீட்டுலயே வச்சு நானே ஆட்டோவுல பூட்டப் போறேன், லெச்சுமி."

"பின் சீட்டுல யாரு ஒக்காருறது? நான் கனமா ஒக்காந்தாத்தானே முன் வீல் எழும்பும்?"

"ரெண்டு அரிசி மூட்டைய வச்சுக்கிறேன்."

"ரெண்டா? வாய்க் கொழுப்பப் பாரு!"

"போகையில அப்படித்தானே இருந்த?"

"இப்ப ஒரு மூட்டைகூட தேறமாட்டேங்க."

குனிந்து என் தொந்தியைப் பார்த்தேன். மூட்டையே வேண்டாம், நான் ஒருவனே போதும்.

"அடுத்த மாசம் வந்துருவதானே?"

"மேடம் இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றாங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

அவர் ஷொக் அப்சோபரை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார்.

"அப்ப நீ வந்து ஒக்காரு புள்ள. அப்புறமா பூட்டிக்கிறேன்."

"அதுவரைக்கும் ஆட்டோ தூக்கிப் போடுமேங்க?"

"போடட்டும்."

"சரி, மேடத்துக்கிட்ட இருக்கமாட்டேன்னு இன்னைக்கே சொல்லிடுறேன்."

"காரணம் கேட்டா?"

"ஊருல எனக்கு ஒரு வேலை கெடச்சிருக்கு, ஒக்காந்துகிட்டே செய்யிற வேலைன்னு சொல்றேன்."