பால்குடம் தூக்கிய கை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார், பரவாயில்லை, குடித்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். நிதானம்தான் என் பிழைப்பே.

என் பெயர் பிரேமநாதன். சிரம்பானில் ஒரு லாயர் ஆபீசில், விபத்தில் அடிபட்டவர்களுக்காக நஷ்டஈடு கேட்டுக் கடிதம் எழுதுகிறவன். கையெழுத்து லாயருடையது, வார்த்தை என்னுடையது. கெமாஸ் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து கட்டுப்போட்ட காலோடு வருகிறவர்கள் வயிறெரிந்து திட்டுவார்கள். நான் அதை எழுதமாட்டேன். திட்டினால் இன்சூரன்ஸ்காரன் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுவான். எப்படி மோதியது, யார்மேல் தப்பு, ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள், அதற்குப் பிறகு இந்த மனுஷனால் எது முடியாமல் போனது, எவ்வளவு கேட்கிறோம், எப்போதைக்குள் பதில் வேண்டும். அவ்வளவுதான். 'தாங்க முடியாத வலி' என்று எழுதினால் படிக்கிறவனுக்கு வலிக்காது. 'சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்ள முடியவில்லை' என்று எழுதுங்கள், வலிக்கும்.

முக்கியமாக, பொய் கூடாது. ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மொத்தக் கடிதமும் குப்பைக்குப் போகும். என் கடிதத்தில் பொய் இருந்ததாக யாரும் சொன்னதில்லை, எங்கள் ஆபீசில் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

என் மனைவி குமுதவல்லி எஸ்டேட்டில் பிறந்தவள். அம்பாங்கானில் வீடு வாங்கி வந்த பிறகும் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போய்ப் பால்குடம் எடுப்பாள். போன வருஷம் மோட்டார் சைக்கிளில் பசாருக்குப் போனவளைச் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி இடித்துவிட்டது. வலது கை, தோளுக்குக் கீழே முறிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். தலை வாரிவிடுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். அவள் அழும்போது எனக்கும் மனசு கேட்காது.

அவளுக்கான கடிதத்தையும் நான்தான் எழுதினேன். 'இவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சிறுமியாக இருந்த நாள் முதல் தலையில் சுமந்த பால்குடத்தை இவர் இனிச் சுமக்கப்போவதில்லை.' லாயர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிரேம், இதுக்கு மேல எவனாலயும் எழுத முடியாதுலா," என்றார். அப்படி ஒரு வரி எல்லாருக்கும் அமையாது. எழுதிய அன்றைக்கு அது சத்தியமான உண்மை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் போன பிறகுதான் கை தேறியது. திருவிழா நெருங்கும்போது ஒருநாள் அடுப்படிக்குள் போனேன். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா, தூக்க முடியுது. கை வந்துட்டா இந்த வருசமே எடுக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். உங்ககிட்டகூடச் சொல்லல."

"நல்லதாப் போச்சு வல்லி," என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான்.

ஆனால் ஊர்வலத்தில் ஆளாளுக்குக் கைப்பேசியில் படம் எடுத்துப் போடுவார்கள். இன்சூரன்ஸ்காரன் கண்ணில் படாமலா போகும்? கை தேறிவிட்டது, அந்த வரியை எடுத்துவிடுகிறோம் என்று இன்னொரு கடிதம் அனுப்பியிருக்கலாம். கிடைப்பது கொஞ்சம் குறையும், வேறொன்றும் ஆகிவிடாது. பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வரியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "இந்த வருசம் வேணாம் வல்லி, கேஸ் முடியட்டும்."

"காப்புக் கட்டியாச்சுங்க. கேஸுக்காக ஆத்தாவை ஏமாத்தச் சொல்றீங்களா?"

அவள் சொன்னது நியாயம். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியபின் பின்வாங்க முடியாது. ஏமாற்றுவது எனக்கும் பிடிக்காது.

திருவிழாவுக்கு முதல் நாள், வழக்கம்போலத் தைலம் தேய்த்துவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். தேய்த்துவிட்டேன். பிறகு அந்தக் கையைக் கட்டில் சட்டத்தின்மேல் வைத்தேன். தகடு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும், எக்ஸ்ரே ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தவன் நான்தானே. முழங்காலை வைத்து என் பாரம் முழுவதையும் அந்த இடத்தில் இறக்கினேன். அவள் கத்தவில்லை. "என்னங்க," என்றாள், என்னவோ கேட்க வந்தவளைப் போல.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். வாய்ப்பேச்சு அது, கடிதத்தில் சேராது. நரம்பு போய்விட்டது, இனிமேல் கை மேலே வராது என்றார் டாக்டர். அவளும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தங்கச்சி லோகேஸ்வரிதான் கையைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து போலீஸ் புகார் கொடுத்திருக்கிறாள். வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

நான்தான் உடைத்தேன். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. சந்தேகமாக இருந்தால் அவளைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், சார்.