ரெண்டு பானைச் சுவர்

சுண்ணாம்பு வாளியைக் கொண்டாந்து அவர் காலடியில வச்சாங்களாம்.

"அந்த ரெண்டாவது பானையை அழிச்சிடும்வே. இல்லாததை வரைஞ்சிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடும். வேலை உமக்கு உண்டு"ன்னு பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் சங்கரமூர்த்தி சொன்னாராம்.

வாளிக்கு முன்னால நின்னவர் எங்க பூட்டன் ஞானாபரணம். எங்க தாத்தாவோட அப்பா. டிராயிங் வாத்தியார்.

எந்த வருஷம்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. செங்குளத்துப்பட்டிக்குக் கரண்ட் வராத காலம், அது மட்டும் நிச்சயம். மதுரையில டிராயிங் பரீட்சை பாஸ் பண்ணி, கொஞ்ச நாள் கடைகளுக்கு போர்டு எழுதி, இருபத்திமூணு வயசுல இந்த ஊர் பள்ளிக்கூடத்துக்கு வந்தாராம். அவர் பீரியடைப் பாதி நாள் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்குவாராம். அது இன்னைக்கும் நடக்குது.

மத்தவங்க மாதிரி போர்டுல கிளி போட்டு 'இதைப் பாத்து வரை'ன்னு சொல்ல மாட்டாராம். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய் வேப்பமரத்துக்கு முன்னால உட்கார வைப்பாராம். பென்சிலைத் தொட விடமாட்டாராம். எண்ணு. கிளை எத்தனை? எண்ணு. எண்ணி முடிச்சாத்தான் கோடு.

அந்தப் பள்ளிக்கூட வராந்தாவுல ரெண்டு தண்ணிப் பானை. ஒண்ணுக்குப் பித்தளை டம்ளர். தள்ளி மூலையில இன்னொண்ணு, அது கீழத்தெருப் பிள்ளைகளுக்கு. அதுக்கு டம்ளர் கிடையாது, தேங்காச் சிரட்டை. பாடம் ஒண்ணு, பெஞ்சு ஒண்ணு, தண்ணி மட்டும் வேற. படிச்ச வாத்தியாருக எட்டுப் பேர் தினம் அதைத் தாண்டித்தான் போனாங்க. எங்க பூட்டனும் பத்து வருஷம் தாண்டித்தான் போயிருக்கார். அதையும் சொல்லணும்.

அவர் வேலைக்கு வந்த பதினோராவது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளி விழா வந்துச்சு. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றார், வராந்தாச் சுவர்ல பள்ளிக்கூடம் எப்படி இருக்கோ அப்படியே வரையணும்னு தலைவர் உத்தரவு போட்டாராம். செம்மண், அடுப்புக்கரி, சலவை நீலம், வேப்பம்பிசின். தாழை விழுதைத் தட்டித் தூரிகை. முப்பது நாள், சுவருக்கு முன்னால திரையாத் துணியைக் கட்டிட்டு வரைஞ்சாராம்.

விழா அன்னைக்குக் காலையில துணியை எடுத்தாங்களாம். எல்லாம் அப்படியே இருந்துச்சாம். ரெண்டு பானையும் இருந்துச்சாம். மூலைப் பானை பக்கத்துல சிரட்டையும் கையுமா ஒரு பிள்ளை. கீழத்தெரு மாடத்தி, நாலாங்கிளாஸ். மூஞ்சி அப்படியே அவ மூஞ்சி.

"என்னவே வரைஞ்சு வச்சிருக்கீரு?"ன்னு தலைவர் கேட்டாராம்.

"எண்ணிப் பாருங்க ஐயா. ஜன்னல் ஆறு. தூண் எட்டு. பானை ரெண்டு. இதுல எது தப்பு?"

அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் ஜீப்பு குளத்துக்கரை ஏறிடுச்சாம். படத்தை அழிக்க நேரமில்லை. ஹெட்மாஸ்டர் ஓடிப்போய் மூலைப் பானையையும் சிரட்டையையும் தூக்கி ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாராம்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பாத்தார். வராந்தாவைப் பாத்தார். ரெண்டாவது பானை எங்கேன்னு கேட்டாராம். அது வாத்தியாரோட கற்பனைங்க ஐயான்னு தலைவர் சொன்னாராம். ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். எட்டு வாத்தியாரும் தலையாட்டினாங்க. ஒருத்தருக்குக்கூட நாக்கு கூசலை.

இன்ஸ்பெக்டர் சும்மா விடலை. படத்துல இருக்கிற பிள்ளை யாருன்னு கேட்டு, மாடத்தியைக் கூப்பிட்டுத் தண்ணி குடிக்கச் சொன்னாராம். அவ நகரலையாம். ஹெட்மாஸ்டரைப் பாத்தா. தலைவரைப் பாத்தா. கடைசியா எங்க பூட்டனைப் பாத்தாளாம்.

அவர் சொன்னது ஒரே வார்த்தை. "எண்ணுட்டி."

"ஒண்ணுதான் இருக்கு சார்"னு சொல்லிட்டு, பித்தளை டம்ளரை எடுத்து முக்கி, வாய் வச்சுக் குடிச்சாளாம். தலைவர் கண்ணு முன்னாடி. தடுத்தா அவர் சொன்ன பொய் வெளிய வந்துடும்.

இங்க எல்லாரும் ஒரே பானையில குடிக்கிறாங்க, பாராட்டுறேன்னு இன்ஸ்பெக்டர் நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். அதுக்கப்புறம் ரெண்டாவது பானையை எப்படித் திரும்ப வைக்கிறது? வைக்க முடியலை. பாராட்டு யாருக்கு? ஒளிச்சு வச்சவங்களுக்கு. பொய்யன்னு பேர் யாருக்கு? உள்ளதை வரைஞ்சவருக்கு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

மறுநாள்தான் அந்த வாளி.

"நீருதானே எண்ணு எண்ணும்பீரு? இப்ப எண்ணும்வே. வராந்தாவுல ஒரு பானைதான்"னு தலைவர் சிரிச்சாராம்.

"நான் எண்ணுன அன்னைக்கு ரெண்டு இருந்துச்சு."

வேலை போச்சு. அப்புறம் சாகுற வரைக்கும் வாடகை சைக்கிள் நம்பர் போர்டும் சோடாக்கடை போர்டும் எழுதித்தான் சாப்பிட்டார். வேற ஆளை வச்சு அழிச்சிருக்கலாமேன்னு கேட்கலாம். ஊருக்கே வெள்ளையடிக்கிறவங்க கீழத்தெருக்காரங்க. ஒருத்தரும் அந்தச் சுவர்கிட்ட சுண்ணாம்பு மட்டையைக் கொண்டு போகலை. இன்னைக்கும் வருஷா வருஷம் பள்ளிக்கூடம் முழுக்க வெள்ளையடிப்பாங்க, அந்தச் சுவரை விட்டுட்டு. ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ற பிள்ளையை முதல் நாள் அங்கதான் நிறுத்துவாங்க. சுவர்ல பானை எத்தனைன்னு எண்ணச் சொல்வாங்க. வராந்தாவுல எத்தனைன்னு எண்ணச் சொல்வாங்க. அப்புறம்தான் சிலேட்டு. என்னையும் நிறுத்தினாங்க. நான் அந்தப் பள்ளிக்கூடத்துல ஒழுங்காப் படிச்சது அது ஒண்ணுதான்.

வாளி மூணு நாள் அதே இடத்துல கிடந்துச்சாம். சுண்ணாம்பு காய்ஞ்சு பாளம் பாளமா வெடிச்சுப் போச்சாம். ஒரு பானையை அழின்னாங்க, ஒரு கையெழுத்துப் போடுன்னாங்க. அவர் அழிக்கலை. போடலை.