லண்டன் குளிசை

குணலட்சுமி: ...சிரிக்காதை அக்கா. கொடிகாமம் சந்தைக்குள்ளை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கேட்டவள். "உவ உங்கடை தங்கச்சியோ" எண்டு.

பூரணம்: ஆர் கேட்டது?

குணலட்சுமி: தேங்காய் விக்கிற இரத்தினம்மா. என்னைவிட ஐஞ்சு வயசு மூத்த உன்னைக் காட்டி.

பூரணம்: அவளுக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது.

குணலட்சுமி: என்ரை மனிசனுக்குமோ? சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொல்லுறார், "கொக்கா பூரணத்தைப் பார், தலையிலை ஒரு நரை இல்லை. நீ என்ன இப்பிடி வத்திப்போனாய்" எண்டு. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

பூரணம்: கதிரவேலுவோ... அப்பிடியோ சொன்னவர்?

குணலட்சுமி: பார், உனக்கு முகம் மலருது.

பூரணம்: போடி விசரி. தேத்தண்ணியைக் குடி. சீனி இல்லை, பனங்கட்டியைக் கடி.

குணலட்சுமி: இந்தச் சண்டைத் தடையிலை சீனி இல்லை, சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஊரே பனங்காயிலை உடுப்புத் தோய்க்குது. நீ மட்டும் மினுங்கிறாய். எல்லாம் உன்ரை மோன் லண்டனிலையிருந்து குடுத்துவிடுற குளிசை.

பூரணம்: அது விற்றமின் மாத்திரை.

குணலட்சுமி: அதுதான். உடம்பும் இரும்பு மாதிரித் துருப்பிடிக்குமாம், உது பிடிக்கவிடாதாம், வயசு தெரியாதாம் எண்டு நீதானே ஊரெல்லாம் சொன்னனீ.

பூரணம்: மோன் சொன்னதைச் சொன்னன்.

குணலட்சுமி: எனக்கும் வெளிநாட்டிலை ஒரு மோன் இருந்திருந்தால்...

பூரணம்: உனக்கு மனிசன் இருக்கிறார்.

குணலட்சுமி: மனிசனோடை படுற கரைச்சல் உனக்கென்ன தெரியும்.

பூரணம்: தெரியாதுதான்... என்ரை மனிசன் கண்ணை மூடி எத்தினை வருசம். மறந்து போச்சு.

குணலட்சுமி: ஐயோ, நான் அதுக்குச் சொல்லேல்லை அக்கா...

பூரணம்: விடு. எடி, அலுமாரிப் பக்கம் ஏன் போறாய்?

குணலட்சுமி: சும்மா... முகம் பாக்க.

பூரணம்: கண்ணாடி இஞ்சாலை தொங்குது.

குணலட்சுமி: அது மங்கல்.

பூரணம்: எடு, எடு. இண்டைக்கும் ஒண்டு எடு.

குணலட்சுமி: எதை?

பூரணம்: நான் அடுப்படிக்குப் போற நேரம் பாத்து நீ எடுத்து விழுங்கிறதைத்தான்.

குணலட்சுமி: ...எப்ப தொட்டு உனக்குத் தெரியும்?

பூரணம்: சன்னதி முருகன் திருவிழாவுக்கு முந்தியே.

குணலட்சுமி: வெக்கமாக் கிடக்கு. ஆனா ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை. இவ்வளவு விழுங்கியும் எனக்கேன் ஒரு மாற்றமும் இல்லை? உனக்கு மட்டும் எப்பிடி வேலை செய்யுது?

பூரணம்: நான் எங்கை விழுங்கினனான்?

குணலட்சுமி: என்ன?

பூரணம்: ஒண்டும் விழுங்கேல்லை. எனக்கு அப்பாவின்ரை தோல். சாகேக்கையும் அவருக்குத் தலை கறுப்பு. நீ அம்மாவை உரிச்சு வச்சவள். போதாததுக்கு நாள் முழுக்க மிளகாய்த் தோட்டத்திலை வெயில் காயிறாய்.

குணலட்சுமி: பிறகேன் அதை விழுங்காமல் அலுமாரியிலை வச்சிருக்கிறாய்?

பூரணம்: யாழ்ப்பாணக் கம்பசுக்குப் படிக்கப் போறாளே, இராசநாயகத்தின்ரை பெட்டை... அவள் போத்தலிலை எழுதிக் கிடந்ததை வாசிச்சுச் சொன்னவள். குளிசையின்ரை மேல்கோது மாட்டெலும்பு காய்ச்சிச் செய்யிறதாம். நான் மச்சம் மாமிசம் தொடாதனான்.

குணலட்சுமி: மாடோ... முருகா. நானும் பிறந்ததிலையிருந்து தொடாதனான் அக்கா. கந்தசட்டி விரதத்துக்கு வெறும் தண்ணியோடை இருந்தனான். அப்பவும் உந்தக் குளிசையை விழுங்கினனே.

பூரணம்: தெரியும்.

குணலட்சுமி: தெரிஞ்சுகொண்டோ பாத்துக்கொண்டிருந்தனீ? உனக்கு என்னிலை அவ்வளவு எரிச்சலோ?

பூரணம்: எரிச்சல்தான். பொழுதுபட்டால் நீ எழும்பிப் போயிடுவாய். அங்கை உன்னைக் குறை சொல்லவெண்டாலும் ஒராள் இருக்கிறார்.

குணலட்சுமி: அதுக்கு மாட்டைத் தின்னவிடுறதோ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

பூரணம்: முந்தி நீ பொங்கலுக்குத்தான் எட்டிப் பாப்பாய். போத்தல் வந்த பிறகு ஒரு நாள் தவறேல்லை... சொல்லியிருந்தால், அடுத்த நாள் வந்திருப்பியோ?