இரட்டிப்பாய்த் திருப்பி வைத்த கம்பு

அலோ... அலோ... மதுரையா? அச்சாபீசுங்களா?... தாவீதுராஜ் உபதேசியார் இருக்காகளா?... அவுக தங்கச்சி. அற்புதம்னு சொல்லுங்க, தெரியும்... ஆமா, அருப்புக்கோட்டையில இருந்து. எங்க வீட்டுல அவுக வேல பாக்குற பஞ்சுக்கடைப் போனு... சரி, சரி. சீக்கிரம் கூப்புடுங்கய்யா. ட்ரங்காலு, மூணு நிமிசந்தான்...

நல்லகண்ணு அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க. எங்க அண்ணன்கூடப் பேசணும்.

அலோ... அண்ணே?... ஆமா, நாந்தான்... இல்லல்ல, யாருக்கும் ஒண்ணுமில்ல. அவுக நல்லாருக்காக. சின்னவளும் நல்லாருக்கா... தோத்திரம் இருக்கட்டும்ணே. சபைப் பத்திரிகை வந்துச்சு.

ஆமா... ஆமா, கோயில்லயே வாசிச்சாக. போன ஞாயித்துக்கிழம. புதுசா வந்த போதகர் ஐயா எந்திரிச்சு, நம்ம உபதேசியார் எழுதுனதுன்னு பெருமையா வாசிச்சாக... எப்படி இருந்துச்சுன்னு என்னையவா கேக்கீக?

அண்ணே, நீங்க எதப் பாத்தாலும் ஒரு பாடம் எடுப்பீக. செக்கு மாடு சுத்துனா ஒரு பாடம். தறியில நூலு அறுந்தா ஒரு பாடம். எங்க ஆட்டுக்குட்டி கெணத்துல விழுந்ததக்கூட எழுதுனீக. எறங்கித் தூக்குனது நானு, நீங்க ஆண்டவர் தூக்குனாருன்னு எழுதுனீக. நானும் சிரிச்சுக்கிட்டேன்... இருங்க, நான் பேசிக்கிறேன். இது கோயிலுக்கு எடுத்து வச்ச பிடிக்கம்புண்ணே. இத ஒங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்? அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டு, ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு.

என்ன?... பேரு போடலையா? ‘பாலவனத்தத்தில் ஒரு சகோதரி, நமக்கு உறவானவள்.’ எங்க ஊருல ஒங்களுக்கு எத்தன தங்கச்சி இருக்காக?

ஆமாண்ணே, எடுத்தேன். இல்லங்கல. ஒல வைக்கிறப்பல்லாம் ஒரு பிடி அள்ளி, கோயிலுக்குன்னு கலயத்துல போட்டு வச்ச கம்ப நாந்தான் எடுத்துக் காச்சுனேன். மழ இல்ல. ரேசன் கடையில அரிசி இல்ல. எம்புள்ள இன்பராணி காச்சல்ல கெடந்துட்டு, அன்னைக்குத்தான் கண்ணத் தொறந்து கஞ்சி கேட்டா. எடுத்துட்டேன். அப்புறம் மனசு கேக்காம ஒங்ககிட்ட அழுதேன். நீங்க என்ன சொன்னீக?... சொல்லுங்க, என்ன சொன்னீக?... மறந்துபோச்சா? எடுத்தத இரட்டிப்பாத் திருப்பி வை, புள்ளைக்குச் சொகமாகும்னீக.

வச்சேன்ல. வீட்டுல இருந்தத எல்லாம் கொண்டுபோயிக் கொட்டுனேன். பக்கத்து வீட்டுக் குருவம்மாக்கா ஓடியாந்து, ‘ஏட்டி, பசிச்ச புள்ள கஞ்சியையாடி ஒங்க சாமி கேக்குது?’ன்னா. நான் அவள வெரட்டிவிட்டேன். ஒனக்குத் தெரியாது, நீ அஞ்ஞானின்னு சொல்லி வெரட்டுனேன். அஞ்சு நாளு எம்புள்ளைக்கு வெறும் வெந்நித் தண்ணி. ஆறாவது நாளு...

இருக்கேன்... இருக்கேண்ணே, லைனுலதான் இருக்கேன்.

நீங்கதான முதப்பிடி மண்ணு போட்டீக? நீங்கதான ஜெபம் பண்ணுனீக? பெறகு எந்தக் கையால அப்படி எழுதுனீக? ‘இரட்டிப்பாகச் செலுத்திய அன்றே சிறுமி எழுந்து விளையாடினாள்.’ வெளையாடுனாளா? எங்க வெளையாடுனா? இத வாசிக்கிறப்ப அவளுக்குக் குழி வெட்டுன பால்சாமி கோயில்ல எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்கான். அவன் தலையக் கவுத்தவன் நிமிரவே இல்ல. பொம்பளையாளுக பூராம் என்னையத் திரும்பிப் பாக்காக. நான் பொய் சொல்லி எழுத வச்சேன்னுல நெனப்பாக?

உவமையா?... எம்புள்ள ஒங்களுக்கு உவமையா அண்ணே?

என்னது?... சத்தமாப் பேசுங்க... அடுத்த ஞாயிறா? மதுரைக்கா?... யாரு வாராக, மிசன் வெள்ளக்காரத் தொரையா?... சாட்சி சொல்லவா? நானா?... ம்... ம்... சின்னவளையும் தூக்கிட்டு வரணுமா? அவ எதுக்கு? அவளுக்குக் காச்சலே வந்ததில்லையே...

அண்ணே.

இன்னொரு தடவ சொல்லுங்க... ம்... நீங்க எழுதுன அந்தப் புள்ள இதுதான்னு நான் சொல்லணுமா? இவளக் கையில வச்சுக்கிட்டு?

ஏண்ணே... நீ எங்கூடப் பொறந்தவந்தான?

யாரு விசுவாசம் ஆடிப்போகும்? கேக்குறவுகளுக்கா? எனக்கு ஆடலையே. பெத்தவ நான் இன்னும் முழங்கால் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இப்பவும் ஒலையில கம்பு போடுறப்ப ஒரு பிடி எடுத்து வைக்கேன். ஆனா கோயிலுக்கு வைக்கல, குருவம்மாக்கா வீட்டுப் புள்ளைகளுக்கு வைக்கேன். அந்த அடுப்படியிலதான் எனக்கும் ஒரு பாடம் கெடச்சுச்சு. எழுதிக்கிறியா? ஆண்டவர் எம்புள்ள கஞ்சியக் கேக்கவே இல்ல. நீதான் கேட்ட.

வேணாம்... ஜெபம் பண்ண வேணாம்... வேணாங்கேன்ல! கண்ண மூடிக்கிட்டா எல்லாம் முடிஞ்சு போகுமா ஒனக்கு?

வாரேன். ஏன் வராம? சின்னவள இடுப்புல வச்சுக்கிட்டு, அந்தத் தொரை முன்னால ஏறி நிக்கேன். இவ எளையவ ஜெயமணி, இவளுக்கு மூத்தவ ஒருத்தி பொறந்தா, பேரு இன்பராணி, நாலு வயசு, பாலவனத்தத்துக் கல்லறையில வேலியோரமாப் படுத்திருக்கான்னு சொல்றேன். பசியோட போனான்னு சொல்றேன். அவளுக்கு யாரு மண்ணு போட்டாகன்னும் சொல்றேன்.

கத்தாதண்ணே... ஒன் வேல போனா நான் என்ன செய்ய?... ம்... அழுகுறியா? அன்னைக்குக் குழி முன்னால நின்னப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே நீ. ஆண்டவர் சித்தம்னு எனக்குப் பிரசங்கம் பண்ணுன...

ஆ?... யாரு?... எக்ஸ்சேஞ்சாம்மா? மூணு நிமிசம் ஆச்சா?... இல்லம்மா, கூட நேரம் வேணாம். நான் பேச வேண்டியதப் பேசிட்டேன்... அவுகளுக்குத்தான் இன்னும் பேசணுமாம்.

கட் பண்ணிருங்கம்மா.