மூன்று முறை கூப்பிடுவார்கள்

கோழி ஈரல் கொஞ்சம் வெயில் பட்டு நாறினால்தான் கெளுத்திக்குப் பிடிக்கும். சனிக்கிழமை காலை நான் செய்த முதல் வேலை அதுதான், மேடம். ஈரல் டப்பாவை டிரக்கின் பின்பக்கம் வைத்து மூடியைத் திறந்துவிட்டேன். அப்பா கிட்டே வந்து மூக்கை உறிஞ்சினார். "இத எந்தக் காலேஜுலயும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டானே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு.

நீங்கள் தண்ணீர் கேனைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். நீங்கள் நகரத்துக்காரர். முதலில் குலுக்கலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் சொல்லும் எதுவும் உங்களுக்கு நியாயமாகப் படாது.

பீலர் ஏரியில் வாத்து சுட ஒளிந்து உட்காரும் குடில்களுக்கு எண் போட்டு முளை அடித்திருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டில், அந்த முளைகளுக்குக் குலுக்கல் நடக்கும். லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் ஒரு சீட்டுப் போடலாம். பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். ஆள் அந்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். பெயர் விழுந்தவர் முளையைச் சொல்லிவிட்டு, தன் கூட்டாளிகள் இரண்டு பேரின் பெயரையும் அங்கேயே சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். பிறகு மாற்ற முடியாது.

அதனால் தேர்தலுக்கு ஆள் கூட்டிப் போவதைப் போல ஒவ்வொரு வீடும் ஆள் திரட்டிக்கொண்டு வரும். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத அத்தைகளும், நேற்றுக் கல்யாணமாகி வந்த மருமகள்களும் லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார்கள். ஒரு தலைக்கு ஒரு சீட்டு. பதினாறு வயதிலிருந்து நானும் எங்கள் வீட்டின் ஒரு தலை.

பத்தொன்பது வயதில் என் சீட்டு விழுந்தது. அன்றைக்கு விழுந்த முதல் சீட்டே அதுதான். அப்பா என்னைக் கூட்டத்துக்கு மேலே தூக்கிக் காட்டினார். அதற்கு முன்னாலோ பின்னாலோ அவர் என்னைத் தூக்கியதாக நினைவில்லை. ஆறாம் எண் முளையைக் கேட்டேன். அவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட இடம் அது. கூட்டாளிகளாக அவர் பெயரையும், அவருடைய சிநேகிதர் ஆர்லோவின் பெயரையும் சொன்னேன். வார இறுதிகளில் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகை அடித்தேன். ஓக் கிளைகளை வெட்டி வந்து குடிலைச் சுற்றித் தழை கட்டினேன். சீசன் தொடங்கிய அன்று ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன்.

"நீ எங்க கெளம்பிட்ட?" என்றார் அப்பா.

"குடிலுக்கு."

"அங்க ரெண்டு பெஞ்சுதாம்மா இருக்கு. நாய்க்கு எடம் வேணாமா?"

ஆர்லோ படகில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "எங்க நாய் விழுந்த வாத்த வாயில கவ்விட்டு வரும். நீ கொண்டாருவியா?"

என் பெயரில் விழுந்த குடிலில் மூன்று சீசனும் ஆர்லோவின் நாய் உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிற நாய். நல்ல நாய். அதன் மேல் எனக்கு ஒன்றும் கிடையாது.

நான் நர்சிங் படித்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பட்டமளிப்புக்கு அப்பா வந்தார். பாதியில் எழுந்து போனார். மே மாதம், மீன்கள் கரையோரம் முட்டையிட வரும் நேரம். அவர் எழுந்து போனதை மேடையிலிருந்து பார்த்தேன். தொப்பி மட்டும் தெரிந்தது.

இந்த வருடம் ஜூலையில் அவரே போன் செய்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது, அந்த நீரை வெளியேற்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றார். "இதான் எனக்குக் கடைசிக் குலுக்கல்டா. வந்து என்னப் பாத்துக்க. எனக்கு விழுந்துச்சுன்னா மொதப் பேரு உன் பேருதான். நாயெல்லாம் கெடையாது." ஆஸ்பத்திரியில் லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தேன். போனில் அவர் சொன்னதை வண்டி ஓட்டும்போது திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இனி சனிக்கிழமை.

ஞாயிறு குலுக்கல் என்றால் சனிக்கிழமை மீன் பிடித்தே ஆக வேண்டும் என்பது அவர் பழக்கம். ஏரியின் குறுக்கே நீளக் கயிறு கட்டி, அதில் வரிசையாகத் தூண்டில் முள் தொங்கவிட்டு, ஒவ்வொரு முள்ளிலும் ஈரல் குத்த வேண்டும். காற்று இல்லை. தண்ணீரே சுட்டது. நான் துடுப்புப் போட்டேன், அவர் முள் குத்தினார். கயிற்றின் மறுமுனைக்குப் போகும்போது சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஆர்லோவோட மருமகன் இருக்கான்ல, டிராவிஸ். நாளைக்கு எனக்கு விழுந்தா ஆர்லோவும் அவனும்தான்னு சொல்லிட்டேன். அவன்கிட்டப் பெரிய படகு இருக்கு."

"எம்பேருன்னு சொன்னீங்களே."

"நீ சும்மா வந்து உக்காந்துக்க. யாரு வேணாம்னா? காப்பி போட ஒரு ஆளு வேணுமில்ல."

 நான் துடுப்பை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தண்ணீர் கேட்டார்.

முன்பு உங்களிடம், கேனைக் கரையில் மறந்து விட்டுவிட்டோம் என்று சொன்னேன். அது சரியல்ல. கேன் என் காலடியில்தான் இருந்தது, மேலே மீன் சாக்கு கிடந்தது. "கரையிலேயே இருக்குப்பா, பியர்தான் இருக்கு" என்றேன். அவர் பியர் குடித்தார். அவருக்கு அதில் வருத்தமில்லை. மாத்திரை காலையில் ஒன்றுதான். மத்தியானம் நான் இன்னொன்று கொடுத்தேன். "இப்பெல்லாம் வெயில் காலத்துல ரெண்டு தரச் சொல்றாங்க" என்றேன். சாயங்காலம், மீனைச் சுத்தம் செய்யும்போது, மூன்றாவது. வெயிலில் அப்படிச் செய்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எழுந்து நின்று மைக்கில் பேச முடியாத அளவுக்குக் களைத்துப் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். எழுந்து வர முடியாத வயதானவர்களுக்கு அங்கே ஒரு வழி உண்டு. அவர்கள் டிரக்கிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு ஆள் யாராவது அவர்கள் வாயருகே காதை வைத்துக் கேட்டுச் சத்தமாகச் சொல்வார்கள். நான் கேட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பதிவு மேசை வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். சீட்டைத் தன் கையால்தான் போட்டார், பின்னால் நானும் ஒன்று போட்டேன். அதன் பிறகு டிரக்கில் உட்கார வைத்தேன். மரத்தடியில் நிழலில் இடம் இருந்தது. நான் மேசைக்குப் பக்கத்தில், வெயிலில் நிறுத்தினேன். பெயர் கூப்பிட்டால் அவருக்குக் கேட்க வேண்டுமே.

குலுக்கல் தொடங்குவதற்குள் அவருக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. தோல் அடுப்புப் பக்கம் வைத்த தட்டு மாதிரி இருந்தது. செத்துப்போன என் அம்மாவைக் கூப்பிட்டு, படகில் துளை இருக்கிறதா பார் என்றார். ஆர்லோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இவன் மூஞ்சி இப்படி இருக்கு? வெர்லின், டேய், நான் யாருன்னு தெரியுதா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்மா. குலுக்கல் கெடக்குது."

"நான் நர்ஸ், ஆர்லோ. எனக்குத் தெரியாதா? ராத்திரி தூங்கல, அவ்வளவுதான்."

"சரிம்மா. படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆர்லோ கூட்டத்துக்குள் திரும்பிப் போய்விட்டார். இந்த ஊரில் என் படிப்புக்கு யாரும் மரியாதை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

கிளம்பியிருக்கலாம். ஆஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் போகும் வழியில் அவர் பெயரைக் கூப்பிட்டால்? சீட்டைக் கிழித்துப் போடுவார்கள். அடுத்தது இன்னும் மூன்று வருடம் கழித்துத்தான். அவருக்கு இன்னொரு மூன்று வருடம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். வண்டிச் சாவி என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அதை இறுக்கிப் பிடித்தேன், இதோ பாருங்கள், உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அடுத்த பெயர், அடுத்த பெயர் என்று கடவுளிடம் கெஞ்சினேன். அடுத்த பெயர் அவருடையதாக இருந்தால், அந்த நிமிடமே டிரக்கில் இருந்த தண்ணீர் கேனைத் திறந்து அவர் தலையில் கவிழ்த்துவிட்டு, பறந்து போயிருப்பேன்.

ஆறாம் எண் முளை அப்போதும் பலகையில் காலியாகத்தான் இருந்தது. குலுக்கலை நடத்தும் ஹோய்ட் மைக்கில் அடுத்த சீட்டைப் படித்தார்.

"ரேலின் டாக்கெட்."

அது நான்.

யாரோ கை தட்டினார்கள். ஆர்லோ கூட்டத்திலிருந்து திரும்பி, "ஏய், உன் பேருடி! ஓடு, ஆறு இன்னும் இருக்கு!" என்று கத்தினார். ஹோய்ட் இரண்டாம் முறை கூப்பிட்டார். அப்பாவின் தலை என் தோளில் இருந்தது. மூச்சு நாய் மூச்சு மாதிரி வேகமாக, மேலோட்டமாக வந்துகொண்டிருந்தது. மூன்றாம் முறையும் கூப்பிட்டார். நான் டிரக்கை விட்டு இறங்கவில்லை. கையையும் தூக்கவில்லை. ஹோய்ட் என்னைப் பார்த்துக்கொண்டே சீட்டைக் கிழித்தார்.

இதுதான் உங்களுக்குப் புரியவில்லை என்று சொன்னீர்கள். குடில்தான் வேண்டும் என்றால் கிடைத்துவிட்டதே, எழுந்து போய் வாங்கிக்கொண்டு அவரையும் காப்பாற்றியிருக்கலாமே என்றீர்கள். என் பெயரில் ஒருமுறை விழுந்து பார்த்துவிட்டேன், மேடம். நாய்தான் உட்கார்ந்தது. எனக்கு அந்தக் குடில் வேண்டாம். இந்த ஊர் முழுக்கக் கேட்க, அவர் வாயிலிருந்து, முதல் பெயராக என் பெயர் வர வேண்டும்.

பிறகு ஆறாம் எண்ணை யாரோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒன்பது. பிறகு நாணல் மண்டிய, யாருக்கும் வேண்டாத இரண்டாம் எண்ணும் போனது. நான் காத்திருந்தேன். தேவாலயத்துப் பெண்கள் எலுமிச்சைச் சாறு விற்றுக்கொண்டு வந்தார்கள், ஐஸ் சத்தம் கேட்டது. அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். குடித்து எழுந்துவிட்டால் ஆர்லோ பெயரைச் சொல்லிவிடுவார்.

நடுவில் எப்போதோ அவர் மூச்சு நின்றது. எந்த முளையின்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், நான் நர்ஸ். தொப்பியைச் சரி செய்தேன். கையைப் பிடித்து ஜன்னல் மேல் வைத்தேன், கூப்பிட்டால் தூக்கிக் காட்ட வசதியாக. கடைசி முளை போகும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம், நான்தான் செய்தேன். தண்ணீர் கொடுக்காதது, மாத்திரை கொடுத்தது, வெயிலில் வைத்தது, ஆர்லோவைத் திருப்பி அனுப்பியது, எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் பெயர் வரவே இல்லை. வந்திருந்தால் என் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.