காஜா அக்கா மீது எனக்கிருந்த பொறாமை

மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே, தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, தையல் பிரிவின் சகோதரிகளே, என் வெட்டு மேசைத் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐந்து பேரும் காஜா அக்காவைத் தங்கம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம் வயிறெரிந்த ஒருவனும் பேச வேண்டாமா? அவன் நான்தான்.

சட்டைக்குப் பொத்தான் துளை போடும் காஜா இயந்திரத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர்; அதனால் அந்தப் பெயர். என்னைவிட மூன்று வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படி ஒரு முகம் அவருக்கு. போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

என் மனைவிக்கு மாலை நேர வேலை. அதனால் என் மகள் எட்டு வயதிலிருந்து பள்ளி விட்டதும் நேராக இங்கே வருவாள். பெற்ற அப்பன், கட்டிங் மாஸ்டர், வெட்டு மேசையில் நிற்கிறேன். என்னைத் தாண்டி அக்காவிடம் ஓடுவாள். அக்கா ஒரு டப்பா பொத்தானைக் கொட்டி, நிறம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார். பிரித்துக்கொண்டே இவள் பேசுவாள். டீச்சர் திட்டியது, தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது, கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டது, எல்லாம் பேசுவாள். என்னிடம் என்ன சொல்வாள் தெரியுமா? "ஒண்ணுமில்லப்பா." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அப்பாவாக இருந்தேன்.

ஒருநாள் கவனித்தேன். மகள் எழுந்து போனதும், அவள் பிரித்து வைத்ததையெல்லாம் அக்கா மறுபடி ஒன்றாகக் கொட்டிக் கலக்கினார். ஓகோ, இதுதானா சூட்சுமம்! நானும் ஒரு டப்பா பொத்தான் வாங்கி வீட்டில் கொட்டினேன். எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பிரித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அக்கா அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, ஊசியைத்தான் பார்ப்பார் என்பது எனக்கு உறைக்க ரொம்ப நாளானது.

இன்னொரு நாள் இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று கறுவிக்கொண்டே வெட்டினேன். சட்டைக் கைக்கான அளவு அட்டையைத் திருப்பிப் போட மறந்து, எண்பது சட்டைக்கும் இரண்டு கையும் இடது கையாகவே வெட்டித் தள்ளினேன். விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று அப்போது சொன்னேன். மேலாளர் அவர்களே, வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வந்தது பெரிய சண்டை. கல்லூரி இரண்டாம் வருடத்தில் என் மகள் தேர்வு எழுதவில்லை. காலையில் கிளம்பிப் போய்ப் பேருந்து நிலையத்தில் மாலை வரை உட்கார்ந்திருப்பாள். அக்காவுக்கு முதல் நாளே தெரியும். எனக்கு ஒன்பதாம் நாள் தெரிந்தது. அப்பாவிடம் சொல், அப்பாவிடம் சொல் என்று அக்கா தினமும் விரட்டியதால் அவளாகவே வந்து அழுதுகொண்டு சொன்னாள். மறுநாள் காஜா இயந்திரத்தின் முன்னால் நின்று கத்தினேன். சகோதரிகளே, நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

"எம் பொண்ணு விஷயத்த எங்கிட்ட மறைக்க நீ யாரு?"

அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். "உங்ககிட்ட சொன்னா உடனே ஒரு வழி சொல்லிடுவீங்க மாஸ்டர். வழி தெரியாம கொஞ்ச நாள் நிக்க அவளுக்கு ஒரு எடம் வேணும்."

அதன்பிறகு வேலைப் பேச்சு தவிர அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. எட்டு மாதம்! அவருக்கு மிச்சமிருந்ததே அந்த எட்டு மாதம்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

இப்போதும் பாருங்கள், மூன்றாம் வரிசையில் என் மகள் தேம்பித் தேம்பி அழுகிறாள். நான் போனால் இவ்வளவு அழுவாளா என்று இந்த மேடையில் நின்றுகொண்டு யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் யோசிக்கிறேன்.

நேற்று அக்காவின் மகளிடம் துக்கம் விசாரிக்கப் போனேன். இரண்டு வருடத்துக்கு முன், வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் இந்தப் பெண் இங்கே வருவாள். துணி விரிக்க மேசையின் அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும்; இவள் பிடித்துக்கொள்வாள். ஏதோ பேசுவாள், நான் "ம்" கொட்டுவேன். எனக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். நேற்று அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

"நான் விரும்புறவரப் பத்தி மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன் மாமா. அம்மாவுக்குத் தெரிஞ்சதும் ரெண்டு நாள் சாப்பிடல. மாஸ்டர்கிட்ட சொன்னத எங்கிட்ட சொல்ல மாட்டியான்னு அழுதாங்க. நான் அழுதது மாஸ்டருக்குத் தெரியக் கூடாதுன்னாங்க."

என் மீது பொறாமையா? காஜா அக்காவுக்கா? அதை வயிற்றில் வைத்துக்கொண்டா மறுநாள் என்னைப் பார்த்து வணக்கம் மாஸ்டர் என்றார்? அதை வைத்துக்கொண்டா என் மகளுக்குப் பக்கத்தில் இடம் போட்டார்? எனக்கு எரிந்தபோது ஊருக்கே தெரிந்தது. அவருக்கு எரிந்தபோது ஒரு காஜாகூடக் கோணவில்லை. இதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டீர்களே அக்கா!

அக்காவின் பணியைத் தொடர்வேன் என்று நான் சபதம் செய்தால் என் மகளே நம்ப மாட்டாள். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். அக்காவின் மகளே, நீ மறுபடி வா அம்மா. இந்த முறை காது கொடுத்துக் கேட்கிறேன்.

என் மகளே, உன் மனதில் உள்ளதைச் சொல்ல இனி நீ வேறொருவரைத் தேடிப் போவாய். அது நானாக இருக்காது. எனக்கு வயிறு எரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய்ச் சொல்.